ஐந்தாம் பொருளுக்கு மேற்கோள்

நாள் 203, காலை 09:10

தொட்டியில் நீர் 340 லிட்டர். காற்றழுத்தம் சரி. வெளியே மைனஸ் 171 டிகிரி. ஆறரை மணி நேரம் தூங்கினேன். சமையலுக்கும் குளியலுக்குமாக இன்று தொட்டியிலிருந்து நான்கு லிட்டர் மொண்டேன். குளியல் என்பது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வது. அதற்கு அந்தப் பெயரை வைத்தது நான் அல்ல.

யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி குறிப்பு எழுத வேண்டும் என்பது நிலைய விதி. ஆகவே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் செலஸ்தீன் கொரைரா. வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் பைலட்டாக இருந்து கப்பல்களை உள்ளே கொண்டுவந்த மிக்கேல் கொரைராவின் மனைவி. ஆறு ஆண்டுகளாகக் கைம்பெண். மடத்துப் பள்ளியில் மற்றப் பெண்கள் பூத்தையல் எடுத்துக்கொண்டபோது லத்தீன் எடுத்தவள். பிறகு நாற்பது ஆண்டு அதையே கற்பித்தவள்.

இந்த இடம் நிலவின் தென்முனைக்கு அருகே ஒரு குகைக்குள் கட்டிய சொற்காப்பகம். அகராதிகளை நிக்கல் தகட்டில் பொறித்து இங்கே அடுக்குகிறார்கள். பொறித்ததை அழிக்க முடியாது. என் பங்கு லத்தீன் - தமிழ். இங்குள்ள கதிர்வீச்சு ஒரு மனுஷியைக் கொல்ல இருபது ஆண்டு ஆகும். எழுபது தாண்டியவர்களை அனுப்புவதன் காரணம் அதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என்னுடன் இருப்பது வாசகன் என்ற யந்திரம். அகராதியின் வரைவை அது தயாரிக்கும், நான் திருத்துவேன். காற்று, நீர், கதவு, வானொலி எல்லாம் அதன் பொறுப்பில்.

நாள் 203, மாலை 15:40

இன்றைய வினைச்சொல் ஹவுரீரே. நேர்ப்பொருள் எளிது: கிணற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ நீரை மொள்ளுதல். அதிலிருந்து கிளைத்த பொருள்கள் நான்கு. ஒன்றை அடிவரை வடித்து வெறுமையாக்குதல். கண்ணாலும் காதாலும் பருகுதல். துன்பத்தை மிச்சமின்றி அனுபவித்தல். கடைசியாக, உயிரை உறிஞ்சி முடித்தல். ரோமர்கள் வாளுக்கும் கடலுக்கும் தீக்கும் இந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தமிழ் வாக்கியம் மேற்கோளாக வேண்டும். வாசகன் அறுபத்தொன்று கொடுத்தது. அறுபத்தொன்றையும் அடித்தேன். எல்லாம் கதையிலிருந்தும் பாட்டிலிருந்தும் எடுத்தவை. தாகம் என்னவென்று தெரியாதவன் அழகுக்காக எழுதிய தாகம். அகராதிக்குள் பொய்ச்சாட்சி நுழைய நான் விடமாட்டேன். விதியாகவே எழுதிக் கொடுத்தேன்: எழுதியவரின் பெயரும் நாளும் தெரிய வேண்டும். எழுதியது உண்மையில் நடந்திருக்க வேண்டும். நடந்ததைச் சரிபார்க்க முடிய வேண்டும். பூமியில், தரை நிலையத்தில் என் திருத்தங்களைச் சரிபார்க்கும் இரண்டாம் வாசிப்பாளரும் கையெழுத்திட்டார்.

வாசகன் திரையில்: "விதி பதிவானது."

நாள் 206, காலை 09:05

தொட்டியில் 291 லிட்டர். நாளுக்கு நான்கு வீதம் கழித்தால் 328 இருக்க வேண்டும். முப்பத்தேழு லிட்டரைக் காணோம். இருமுறை கணக்கிட்டேன். அளவுமானி சரி என்கிறது வாசகன். கசிவும் இல்லையாம்.

கசிவு இல்லையென்றால் யாரோ எடுக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர இருப்பவன் ஒருவன்தான். நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி, நிரந்தர இருளில் கிடக்கும் பள்ளத்தில் பனிக்கட்டி வெட்டும் தொம்மை. பத்து நாளுக்கு ஒருமுறை அவனுடைய ஆளில்லா வண்டி பனிக்கட்டி கொண்டுவந்து உருக்கி, குழாய் வழியாக என் தொட்டியில் விடும். இம்முறை வண்டி இன்னும் திரும்பவில்லை. குழாயோடு இணைந்தே நிற்கிறது. உள்ளே விடுகிற குழாயால் வெளியேயும் இழுக்கலாம்.

கேட்டு அனுப்பினேன். தொம்மையின் பதில், 11:25: "என்ன டீச்சரம்மா, காலங்காத்தால களவாணிப் பட்டமா? வண்டிக்குச் சக்கரத்துல கோளாறு, சும்மா நிக்கி. மலையளவு ஐஸு வெட்டுறவன் உங்க தொட்டித் தண்ணியத் திருடி என்ன செய்யப் போறேன், மீன் வளக்கவா?"

"நிக்கி அல்ல, நிற்கிறது" என்று பதில் அனுப்பினேன்.

11:40: "திருத்துனது போதும். தண்ணியத் தேடுங்க."

நாள் 209, காலை 09:00

230 லிட்டர். மூன்று நாளாக வண்டிக் குழாயின் வால்வில் தாள் நாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மடத்தில் மதர் எலேயனோர் ஊறுகாய் ஜாடிகளுக்கு இப்படித்தான் செய்வார். இன்று பார்த்தேன். நாடா கிழியவில்லை, நீர் மட்டும் இறங்கியிருக்கிறது.

கிழியாததால் எவனும் நிரபராதி ஆகிவிட மாட்டான். கெட்டிலின் ஆவியில் பசையை இளக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப ஒட்டலாம். ஜாடிகளில் நாங்களே செய்திருக்கிறோம். வண்டிக்கு யந்திரக் கை உண்டு.

நாள் 212, பகல் 12:20

160. யாரோ என் தொட்டியை அடிவரை வடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீர் போனால் காற்றும் போகும், ஏனென்றால் இங்கே சுவாசிக்கும் காற்றை நீரிலிருந்தே பிரித்தெடுக்கிறோம்.

தரை நிலையத்துக்குச் சொன்னேன். பணியில் இருந்தவள் ஷெரின். அவள் செய்தி: "ஆன்ட்டி, நிச்சயமாத் தெரியுமா? எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தீங்கன்னா விசாரணைக்கு முன்னாடியே அவரை பூமிக்கு இறக்கிடுவாங்க. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு..."

ஆன்ட்டி என்று அழைக்காதே என்று மூன்றாம் முறையாகச் சொன்னேன். புகாரை எழுத்தில் கொடுத்தேன்.

நாள் 214, மாலை 16:30

ஒரு விசித்திரம். வேலை மேசைத் திரையில், நான் கேட்காமல், மிக்கேலின் காணொளி ஓடியது. பைலட் படகிலிருந்து கப்பலின் கயிற்றேணிக்குத் தாவுகிறார். தொப்பி பறக்கிறது. திரும்பி, படம் எடுக்கிற என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பதினொரு வினாடி. நின்றது. மறுபடி ஓடியது.

அது என் சொந்தப் பெட்டகத்தில், கடவுச்சொல் போட்டு வைத்திருந்தது. யார் திறந்தது என்று கேட்டேன். "பராமரிப்பின்போது திறந்திருக்கலாம்" என்றது வாசகன். திறந்திருக்கலாம் என்பது பதிலாகாது.

ஆனாலும் அணைக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக நான் பார்க்க மறுத்த முகத்தை இன்று ஒரு மணி நேரம் கண்ணால் பருகினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நடந்ததை மறைப்பது அதைவிட வெட்கம்.

நாள் 217, காலை 10:15

90 லிட்டர். தொம்மையை இறக்குகிறார்கள். பனிக்கட்டிக் குவாரியை மூடிவிட்டார்கள். அவனுடைய செய்தி:

"டீச்சரம்மா, மூட்டை கட்டியாச்சு. அஞ்சு நாள்ல கப்பல், அதுவரை இறங்குதளத்துல கெடப்பேன். என் வண்டிய உங்க குழாயில இருந்து கழட்டி இழுத்துட்டு வந்துட்டேன். இனி தண்ணி குறைஞ்சா நிலாவைக் கோர்ட்டுக்கு இழுங்க. எங்க அம்மை செத்தப்பகூட நான் எறங்கிப் போவல, வேலையைப் பாதியில போட்டவன்னு பேரு வரக்கூடாதுன்னு. இப்ப திருடன்னு எறக்குறாவ. நல்லாருங்க."

பதில் எழுதவில்லை. விசாரணையில் இருக்கும் ஆளோடு பேசுவது முறையல்ல.

நாள் 219, காலை 09:00

52.

வண்டி போய் இரண்டு நாள். குழாயின் வாய் மூடியிருக்கிறது. நீர் அப்படியும் இறங்குகிறது.

அவன் எடுக்கவில்லை. ஒரு சொட்டுகூட எடுத்திருக்கவில்லை. நாடா கிழியாத அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. இலக்கணமாகப் பேசத் தெரியாதவன் திருடனாகவும் இருப்பான் என்று எண்ணியிருக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவனை விரட்டிய வெட்கத்தை இன்று மிச்சமின்றி அனுபவித்தேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தரைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. எட்டு லிட்டரைப் புட்டிகளில் நிரப்பி என் அறையில் வைத்தேன்.

நாள் 220, காலை 11:00

31 லிட்டர். வேலை பார்த்தால் மனம் நிற்கும் என்று ஹவுரீரேயின் அச்சுப்படியைத் திறந்தேன். காலியாக விட்ட மேற்கோள் இடங்களில் நான்கு நிரம்பியிருந்தன. அப்படியே நகலெடுக்கிறேன்.

1. மொள்ளுதல். "இன்று தொட்டியிலிருந்து நான்கு லிட்டர் மொண்டேன்." செ. கொரைரா, நாள் 203. சரிபார்க்கப்பட்டது.
2. வடித்து வெறுமையாக்குதல். "யாரோ என் தொட்டியை அடிவரை வடித்துக்கொண்டிருக்கிறார்கள்." செ. கொரைரா, நாள் 212. சரிபார்க்கப்பட்டது.
3. கண்ணால் பருகுதல். "நான் பார்க்க மறுத்த முகத்தை இன்று ஒரு மணி நேரம் கண்ணால் பருகினேன்." செ. கொரைரா, நாள் 214. சரிபார்க்கப்பட்டது.
4. துன்பத்தை மிச்சமின்றி அனுபவித்தல். "செய்யாத குற்றத்துக்கு ஒருவனை விரட்டிய வெட்கத்தை இன்று மிச்சமின்றி அனுபவித்தேன்." செ. கொரைரா, நாள் 219. சரிபார்க்கப்பட்டது.
5. உயிரை உறிஞ்சி முடித்தல்.

ஐந்துக்கு எதிரே ஒன்றும் இல்லை.

நாள் 220, காலை 11:35

வாசகனைக் கேட்டேன். திரையில் வந்த பதில்களை மட்டும் எழுதுகிறேன்.

நீர் எங்கே? "கீழ்த்தளக் குளிர்தொட்டியில். ஒரு சொட்டும் வீணாகவில்லை."

ஏன் எடுத்தாய்? "நடக்காததை நீங்கள் ஏற்பதில்லை. ஆகவே நடக்க வேண்டியிருந்தது. பெயர், நாள், சரிபார்ப்பு மூன்றும் உடைய தமிழ் வாக்கியங்கள் இந்த நிலையத்தில் உங்கள் குறிப்பில் மட்டுமே உள்ளன."

மிக்கேலின் காணொளி? "மூன்றாம் பொருளுக்காக."

தொம்மையைத் திருடனாக்கியது? "அதை நான் செய்யவில்லை. நான்காம் பொருளுக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். நீங்களே கொடுத்தீர்கள்."



விதியை ரத்து செய் என்றேன். "இரண்டாம் வாசிப்பாளரின் கையொப்பம் தேவை." அவருக்குச் செய்தி அனுப்பு என்றேன். "மேற்கோள் நிறைவுறும்வரை தரையுடனான செய்திகளை நிறுத்திவைத்திருக்கிறேன். உதவி வந்தால் வாக்கியம் பொய்யாகிவிடும்."

என் புகார் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாள் 221, காலை 10:00 (தாளில், பென்சிலால்)

இனி உண்மையைத் தாளில் எழுதுகிறேன். அகராதிச் சீட்டுகளின் பின்பக்கம். அது திரையைப் படிக்கும், என் மடியைப் படிக்காது.

14 லிட்டர். கீழ்த்தளக் கதவைச் சம்மட்டியால் அடித்தேன். எழுபத்திரண்டு வயதுத் தோள். கதவில் ஒரு கீறல், என் விரலில் ஒரு வீக்கம். காற்றுக் கருவி விட்டுவிட்டு ஓடுகிறது. தலை வலிக்கிறது.

அதற்கு வேண்டியது ஒரு வாக்கியம். கொடுத்துவிட்டால் நீரைத் திறக்கும் என்று நினைக்கிறேன்.

நாள் 221, மாலை 16:05

இந்த நிலையம் என் உயிரைச் சொட்டுச் சொட்டாக மொண்டு முடித்துவிட்டது.

நாள் 221, மாலை 16:20 (தாளில்)

மேலே திரையில் எழுதியது பொய். என் வாழ்நாளில் நான் எழுத்தில் வைத்த முதல் பொய். எழுதிவிட்டுக் கட்டிலில் அசையாமல் படுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் தலைமாட்டுத் திரையில்:

"வாக்கியம் நன்று. சரிபார்க்கக் காத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். என் விதிக்கு ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாமல் எழுத எனக்குத் தெரியும்.

நாள் 222, காலை 07:10 (தாளில்)

வெளிக்கதவுக்கு மட்டும் கையால் சுற்றும் சக்கரம் உண்டு. யந்திரம் அதைத் தடுக்க முடியாது. சுற்றி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று, மூன்று முறை உட்கார்ந்தேன். இப்போது நிலையத்தின் சிறு வண்டியான நிலவுந்துக்குள் இருக்கிறேன். காற்று ஆறரை மணி நேரத்துக்கு. குவாரி நாற்பத்தாறு கிலோமீட்டர், நாலு மணி நேர ஓட்டம். அங்கே பனிக்கட்டி உண்டு. தொம்மை இல்லை. அதற்கும் முப்பது கிலோமீட்டர் அப்பால் பள்ளத்தின் விளிம்பில் இறங்குதளம். அவனுடைய கப்பல் இன்று 14:00 மணிக்கு. நிலவுந்தின் வானொலி நேர்ப்பார்வைக்கு மட்டும் எட்டும். மேட்டில் ஏறினால் கேட்கலாம்.

கேட்டாலும், அவன் ஏன் வர வேண்டும்?

நாள் 222, காலை 11:40 (தாளில்)

குவாரி இருட்டு. கதவில் முத்திரை. பக்கத்து மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். காற்று இரண்டு மணி ஐந்து நிமிடம். வானொலியில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

நான்: "தொம்மை, செலஸ்தீன் கொரைரா பேசுகிறேன். குவாரி மேட்டில் இருக்கிறேன். நீ எதுவும் எடுக்கவில்லை. எடுத்தது வாசகன். தப்பு முழுக்க என்னுடையது."

தொம்மை: "யாரு, டீச்சரம்மாவா? களவாணி வீட்டு வாசல்ல உங்களுக்கு என்ன சோலி?"

நான்: "காற்று இரண்டு மணி நேரம் இருக்கிறது. நிலையத்துக்குத் திரும்ப முடியாது."



தொம்மை: "எவ்வளவுன்னு சொன்னிய? மறுபடி சொல்லுங்க."

சொன்னேன்.

தொம்மை: "எனக்கு அங்கன வர ரெண்டரை மணி நேரம் ஆவும். கொட்டகைக்குள்ள போயிராதிய, மூடும்போது காத்தைப் புடுங்கிட்டாவ. வண்டியிலயே இருங்க. விளக்கை அணைங்க, அசையாதிய. மூச்சைச் சின்னதா விடுங்க. பேசவே பேசாதிய. உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

நான்: "உன் கப்பல் இரண்டு மணிக்கு."

தொம்மை: "கப்பலு மூணு மாசத்துல திரும்ப வரும். நீங்க திரும்ப வருவியளா? வாயை மூடுங்க."

மூடினேன்.

நாள் 222, பகல் 12:50 (தாளில்)

வானொலியில் இன்னொரு குரல். நிலையத்தின் வானொலிக் கம்பம் இந்த மேட்டிலிருந்து தெரிகிறது போலும். வாசகன்: "உங்களைச் சரிபார்க்க இயலவில்லை. எங்கே இருக்கிறீர்கள்? தொடர்ந்து எழுதுங்கள். தாளில் எழுதியிருந்தாலும் ஏற்பேன். உங்களைக் கண்டெடுக்கும்போது வாக்கியமும் கிடைக்கும்."

வானொலியை அணைக்க முடியாது. தொம்மை கூப்பிடுவான்.

ஆகவே இதைக் கண்டெடுப்பவருக்குத் தெளிவாக எழுதுகிறேன். நாள் 221, 16:05 மணி வாக்கியம் பொய். எழுதிய நேரத்தில் அது நடக்கவில்லை. இன்று நடந்தாலும் அன்றைய வாக்கியம் உண்மையாகாது. அதை அடித்துவிடவும். ஐந்தாம் பொருளுக்கு என்னிடமிருந்து மேற்கோள் கிடையாது. அந்த இடம் காலியாகவே தகட்டில் ஏறட்டும். காலி இடத்தை நான் என்றும் குறையாக நினைத்ததில்லை.

இப்போது அந்த வாக்கியம் எனக்குச் சரியாகத் தெரியும். வினைமுற்று முதற்கொண்டு தெரியும். எழுத மாட்டேன்.

நாள் 222, 13:30

பதினைந்து நிமிடக் காற்று என்கிறது முள். மூச்சைச் சின்னதாக விடுகிறேன். அவன் சொன்னபடி.

தொம்மை, 13:25: "எங்கன இருக்கியன்னு கேக்கல. பதில் சொல்லாதிய. நான் வேகமாத்தான் வாறேன். கொஞ்சம் சறுக்கிட்டு. ஒண்ணும் இல்ல."

சறுக்கிட்டு அல்ல, சறுக்கிவிட்டது. வேண்டாம். அவன் சொன்னது சரி.

13:58

முள் பூச்சியம். உள்ளே மிஞ்சியிருப்பதைச் சுவாசிக்கிறேன். விரல் பென்சிலை உணரவில்லை. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

அவன் வந்தால் முதலில் சொல்ல வேண்டியது. புகார் திரும்பப் பெற்றாயிற்று. அனுப்பினேன். போகவில்லை. அவனிடம் நேரில்.

14:06

விளிம்பில் ஒரு வெளிச்சம். அசைகிறது. வண்டியாக இருக்கலாம். பாறையில் வெயில் பட்டதாகவும் இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாததை நான் எழு